நடுத்தர நகர் வாழ்வு: பட்டுக்கோட்டைச் சரித்திரம் பற்றிய சில எண்ணங்கள்



சென்ற திங்கள் கூடிய நம் பொதுக்கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தமை அன்பர்கள் அறிந்ததே. பட்டுக்கோட்டையில் சங்கத்திற்கு உரித்தாயுள்ள மனையை விற்று, அப்பொருளைக் கொண்டு சென்னையில் மாணவர் விடுதியொன்று அமைக்கலாமா என்பதே அக்கேள்வி. அப்போது அன்பர் ஒருவர் எழுந்து, "இந்த ஊரில் இனி என்ன இருக்கிறது? பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பது கிழவர்களும் தேங்காய் மட்டையுந்தான்" என்றார். அவையோர் நகைத்தனர், யாமும் நகைத்தோம். வீடு திரும்பிய பின்னரோ, அந்நகைப்பு எம் நெஞ்சில் நெருஞ்சி முள்ளாய்த் தைத்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வூர்ப் பிள்ளைகட்குத் தமிழ் கற்பித்து வரும் யாம், "இவ்வூரில் என்ன இருக்கிறது" என்னும் வினாவிற்கு ஒரு விடையும் கூறாது வந்துவிட்டோமே என வருந்தினோம். அவ்வருத்தமே இக்கட்டுரைக்குக் காரணம்.

கிராம வாழ்வைப் போற்றுவார் பலர். மாநகர வாழ்வை விரும்புவார் அவரினும் பலர். இரண்டிற்கும் இடைப்பட்ட ஊரில் வாழ்வது எத்தகையது என்பதை எண்ணிப் பார்ப்பார் சிலரே. அதனை நம் ஊரின் சரித்திரத்தைக் கொண்டே ஆராய்வாம்.

நகரம் என்னுஞ் சொல்

இக்காலத்தார் நகரம் என்றவுடன் சென்னை, மதுரை, கோயம்புத்தூர் போன்றவற்றையே நினைக்கின்றனர். இச்சொல்லின் வரலாறு வேறு. பழந்தமிழில் நகர் என்பது பெரும்பாலும் மாளிகையையும் கோயிலையுமே குறித்தது. மக்கள் வாழும் இடங்கட்கு நிலத்திற்கேற்ப வேறு வேறு பெயர்கள் வழங்கின. மருத நிலத்தில் ஊர், பேரூர், மூதூர் என்றும், நெய்தல் நிலத்தில் பட்டினம், பாக்கம் என்றும், முல்லையில் பாடி என்றும், குறிஞ்சியில் சிறுகுடி என்றும் வழங்கியமையை இலக்கண நூல் கற்றோர் அறிவர்.

சோழர் காலத்துக் கல்வெட்டுக்களை நோக்கின், நகரம் என்பது ஒரு குறிப்பிட்ட பொருளைப் பெற்றுவிட்டமை தெளிவாகும். அக்காலத்தில் வேளாண் மக்களின் அவை ஊர் எனப்பட்டது. பிரமதேயத்து அந்தணர் அவை சபை எனப்பட்டது. வணிகர் கூடிய அவையும், அவ்வவை ஆண்ட அங்காடியூரும் நகரம் எனப்பட்டன. நகரத்தார் கூடிக் கோயில் விளக்கிற்குப் பொருள் ஏற்றனர்; நிலம் விற்றனர்; வாங்கினர்; கடைகட்கு உரிய வரியைப் பிரித்தனர். பல சிற்றூர்கள் சேர்ந்த நாடு ஒன்றிற்குப் பெரும்பாலும் இத்தகைய நகரம் ஒன்று அமைந்திருந்தது என ஆராய்ச்சியாளர் கருதுவர். சுற்றியுள்ள உழவர் நெல்லையும் எண்ணெயையும் கொண்டுவந்து, உப்பையும் துணியையும் கொண்டு செல்லும் இடம் அது. காஞ்சிபுரம் போன்ற பேரிடங்களை மாநகரம் என்று தனியே பிரித்துக் கூறினர். ஆகவே, அடைமொழியின்றி நின்ற நகரம் என்னுஞ் சொல் நம் முன்னோர்க்கு இடைத்தரமான ஓர் ஊரையே சுட்டியது என்பது வெள்ளிடைமலை.

ஊர் எவ்வளவினதாய் இருத்தல் வேண்டும் என்னும் ஆராய்ச்சி பிற நாட்டிலும் நிகழ்ந்ததே. கிரேக்க ஞானி பிளாட்டோ தம் கற்பனை நகருக்கு 5,040 குடிகள் என வரையறுத்தார். அவர்தம் மாணாக்கர் அரிஸ்டாட்டில், குடிகள் ஒருவரையொருவர் அறிந்திருத்தற்கு இயலாத அளவு ஊர் பெருகுமாயின் அங்கே நீதியும் நல்லாட்சியும் கெடும் என்றார். இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்டு என்பார் 1898-ல் தாம் எழுதிய நூலில், தோட்ட நகரம் ஒன்றில் 32,000 பேர் வாழலாம் என்று திட்டம் வகுத்தார். நம் பட்டுக்கோட்டையிலோ 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி 73,135 மக்கள் வாழ்ந்தனர். ஓரிலட்சத்திற்குக் குறைந்தும் ஐம்பதினாயிரத்திற்கு மேற்பட்டும் உள்ள ஊர்களை அரசினர் இரண்டாம் வகுப்பு நகரங்கள் என்பர். அக்கணக்கில் தஞ்சாவூரின் மக்கட்டொகை இரண்டு இலட்சத்து இருபத்தீராயிரத்திற்கு மேற்பட்டது. எனவே நம் ஊர் பெரிதும் அன்று; சிறிதும் அன்று.

இரு நிலத்தின் எல்லை

பட்டுக்கோட்டை என்னும் பெயரைக் கேட்ட அயலார், இங்கே பட்டு நெய்வர் போலும் என எண்ணுவது உண்டு. அது பொருந்தாது. பட்டு மழவராயர் என்னும் தலைவர் ஒருவர் பெயரொடு இவ்வூரைச் சார்த்திக் கூறுவர். தஞ்சை மராட்டியர் காலத்தில் இங்கே கோட்டை ஒன்று இருந்தது. இன்று அக்கோட்டை பெயரளவிலேயே நிற்கின்றது.

கோட்டையினும் நம் கருத்துக்கு உரியது இவ்வூர் அமைந்த இடமே. வடக்கே நெல் விளையும் மருதம்; தெற்கே சிறிது தொலைவில் அதிராம்பட்டினத்து உப்பளங்களும் மல்லிப்பட்டினத்து மீன்பிடி துறையும் உடைய நெய்தல். நெல்லும் உப்பும் மீனும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் அங்காடி எழுவது இயல்பு. இன்றும் பெரிய கடைத்தெருவில் காலை வேளையில் நிற்பார், கடற்கரை ஊரிலிருந்து மீன் கூடையோடு வரும் தாய்மார்களையும், உள்ளூர்களிலிருந்து தேங்காய் ஏற்றிவரும் வண்டிகளையும் ஒருங்கே காணலாம். ஒரு நாழிகை நடந்தால் ஊரின் ஒரு கோடியிலிருந்து மற்றொரு கோடியை நெருங்கிவிடலாம். வயலின் ஈர மணமும் கடற்காற்றின் உவர் மணமும் ஒரே நாளில் நம்மை வந்து தீண்டும்.

இவ்வூர் வழியே மற்றொரு பெருவழியும் சென்றது. அது சேதுயாத்திரை வழி. வடநாட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, இராசாமடம் ஆகிய ஊர்களைக் கடந்து கடற்கரை ஓரமாய்ச் செல்வர். அவர்கட்காக மராட்டிய மன்னர்கள் இவ்வழிநெடுகச் சத்திரங்கள் அமைத்தனர். 1799-ல் நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்குப் போயிற்று. அதன்பின் இரண்டாம் சரபோசி மன்னர் 1801-ல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் எவ்வகைச் சாதியார் வரினும் உணவு அளிக்கப்படுவதையும், நோயுற்றார் பேணப்படுவதையும், தாயிழந்த குழவிகட்குப் பால் ஊட்டப்படுவதையும் எடுத்துக்காட்டி, அவ்வறத்தைக் குறைக்காதிருக்குமாறு அதில் வேண்டினார். ஆட்சியை இழந்த மன்னர் ஒருவர் காக்க விரும்பியது வழிப்போக்கருக்கு இடும் சோற்றை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அம்மன்னரே 1814-ல் மல்லிப்பட்டினத்திற்கு அருகில் மனோரா என்னும் பல அடுக்குக் கோபுரத்தைக் கடலை நோக்கி எழுப்பினார். ஆங்கிலேயரின் வெற்றிகளையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் நினைவுகூர எழுந்தது அது. ஐரோப்பாவில் நிகழ்ந்த போருக்கு நம் கடற்கரையில் ஒரு தூண்! நண்பரின் வெற்றியைக் கொண்டாடினார் என்பாரும், தம் வலியிழந்த நிலையை மறைக்க இது செய்தார் என்பாரும் உண்டு. சத்திரம், மனோரா ஆகிய இரண்டனுள் எது ஊரை வாழ்வித்தது என்று கேட்பின், சத்திரமே என்போம். அறியாதார்க்கு உணவும் இடமும் கிடைக்கும்போதுதான் ஓர் ஊர் நகரம் ஆகின்றது.

தலைமடையும் கடைமடையும்

நம் பக்கத்து உழவர் நாவில் நாள்தோறும் வழங்கும் இரண்டு சொற்கள் உள. அவை தலைமடை, கடைமடை என்பன. வாய்க்காலில் நீர் திறந்தவுடன் தலைமடையான் வயல் நிரம்பும். கடைமடையான் மடை வாயிலில் மண்வெட்டியோடு காத்திருப்பான். நடுத்தர நகர் ஒன்றின் சரித்திரமும் இத்தகையதே. எல்லாம் வரும், ஆனால் பின்னே வரும்.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, நாகப்பட்டினம், மாயவரம் ஆகிய ஐந்தும் 1866-லேயே நகராட்சிகள் ஆயின. பட்டுக்கோட்டை நகராட்சி ஆனதோ 1965-ல். ஏறக்குறைய நூறாண்டு நாம் மடைவாயிலில் நின்றோம்.

புகைவண்டி வந்த கதை இன்னும் சுவையுடையது. 1884-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தஞ்சை ஜில்லா போர்டார், தாமே ஓர் இருப்புப்பாதை போடத் துணிந்தனர். அதற்கு நிலத்தின் தீர்வைக் கணக்கில் ரூபாய்க்கு மூன்று தம்பிடி வீதம் தனி வரி விதித்தனர். ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி ஆதலின், அறுபத்து நான்கில் ஒரு பங்கு எனலாம். மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894-ல் வண்டி ஓடிற்று. பட்டுக்கோட்டைக்கு வர 1902 ஆயிற்று. அறந்தாங்கியைத் தொட 1903 ஆயிற்று. அரசன் கொடையாலன்று, வெள்ளையர் கம்பெனியின் இலாப நோக்காலும் அன்று, உழவன் தந்த தம்பிடியால் வந்தது நம் வண்டி. இதனை நம் பிள்ளைகட்கு யாரேனும் கூறியதுண்டா?

அப்பாதையில் பின்னாளில் கம்பன் பெயர் தாங்கிய விரைவு வண்டி சென்னைக்கு ஓடியதை நம்மில் பலர் அறிவர். அகலப்பாதை வேலைக்காக வண்டி நின்றபோது, நிலையத்தில் ஆடு மேய்ந்த ஆண்டுகளையும் அறிவர். 2018-ல் காரைக்குடி வழியும் 2019-ல் திருவாரூர் வழியும் மீண்டும் திறந்தன. நம் மாவட்டத் தலைநகராகிய தஞ்சைக்கு மட்டும் நேர்ப்பாதை இன்றளவும் இல்லை. கடைமடை கடைமடையே!

இனி நீரின் கதை. பட்டுக்கோட்டைத் தாலுகா முன்னாளில் தஞ்சை ஜில்லாவில் பரப்பால் மிகப் பெரியதாய் இருந்தது. எனினும் அதன் பெரும்பகுதி அன்று காவிரி பாயாத மேட்டு நிலமாய் இருந்தது. ஏரியும் மழையுமே துணை. கேழ்வரகும் வரகும் கடலையும் விளைந்தன. மேட்டூர் அணை 1925-ல் தொடங்கி 1934-ல் நிறைவெய்தியது. அதனோடு, கல்லணையின் வலப்புறத்திலிருந்து ஒரு புதிய கால்வாயும் வெட்டப்பட்டது. நூல்களில் அது கல்லணைக் கால்வாய். நம் மக்கள் வாயில் புது ஆறு. ஏறத்தாழ 148 கிலோமீட்டர் ஓடி, புதுக்கோட்டை மாவட்டத்து மும்பாலை ஏரியில் முடிவது அது. மேட்டூர்த் திட்டத்தால் புதிதாய்ப் பாசனம் பெறக் கருதிய நிலம் மூன்று இலட்சம் ஏக்கர். அதன் பெரும்பங்கு இப்பக்கத்ததே.

எம் பாட்டனாரின் தந்தையார் வானம் பார்த்த சிற்றூர் ஒன்றில் இரண்டு காணிப் புன்செய் உழுதவர். புது ஆற்றில் நீர் வந்த ஆண்டில் ஊரார் எல்லாரும் நிலம் திருத்த ஓடினராம். அவர் மட்டும் இந்நகருக்கு வந்து, மண்வெட்டியும் கொழுவும் வடக்கயிறும் விற்கும் சிறு கடை வைத்தார். "எல்லாரும் வரப்பு வெட்டப் போனால் வெட்டுகிற கருவியை எவனாவது விற்க வேண்டாமா?" என்று அவர் கூறியதாக எம் பாட்டனார் சொல்லக் கேட்டுள்ளோம். நம் சங்கத்து அன்பர் பலரின் குடும்பங்கள் நகருக்கு வந்த கதையும் இதுபோன்றதே ஆகும். வயல் பெருகவே அரவை ஆலையும் தரகு மண்டியும் செக்கும் பெருகின. மண்டி பெருகவே பள்ளியும் மருத்துவர் இல்லமும் வழக்கறிஞர் அலுவலகமும் வந்தன. நகரம் வேறு, நாட்டுப்புறம் வேறு என்று எண்ணுவது மயக்கமே. புது ஆற்றின் நீரே கடைத்தெருவில் காசாய் ஓடிற்று.

நீர் ஒழுங்காய் வாராத ஆண்டுகள் மிகவே, மணற்பாங்கான நிலங்களில் ஆழ்குழாய்க் கிணறு இட்டுத் தென்னை வைத்தனர். வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. நெல்லூர் போல் நெல்லாலன்றித் தேங்காயால் பெயர்பெறும் ஊராயிற்று இது. அன்பர் நகைப்பிற்கு இடமான தேங்காய் மட்டையின் வரலாறு இதுவேயாம்.

அறிமுகம் என்னும் செல்வமும் சுமையும்

இனி, இத்தகைய ஊரில் வாழ்வது எங்ஙனம் என்பதற்கு வருவாம்.

இங்கே ஒருவன் மளிகைக் கடையில் பணம் கொண்டுவர மறந்தால், "இருக்கட்டும் சார், நாளைக்குக் கொடுங்க" என்பர். இரவு பதினொரு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், மருந்துக் கடைக்காரர் வீட்டுக் கதவு தெரியும், தட்டலாம். மாணாக்கனின் தந்தையையும் யாம் கற்பித்திருப்போம், தாயையும் கற்பித்திருப்போம். பங்குனியில் நாடியம்மன் திருவிழா நடக்கையில் வெளியூர் சென்றோர் எல்லாரும் திரும்பி வர, தெருவில் பத்து அடிக்கு ஒருமுறை நின்று நலம் வினவ வேண்டியிருக்கும். கிராமத்தில் இவ்வறிமுகம் உண்டு. ஆனால் அங்கே மருந்துக் கடை இல்லை. மாநகரில் மருந்துக் கடை விடிய விடியத் திறந்திருக்கும். ஆனால் அதன் உடையவர் நம்மை அறியார். இரண்டும் கூடிய இடம் நடுத்தர நகர்.

இதன் மறுபக்கத்தையும் மறையாது கூறுதல் வேண்டும். ஒரு பெண் பேருந்து நிலையத்தில் எவரோடு பேசினாள் என்னும் செய்தி, அவள் வீடு சேருமுன் வீடு வந்து சேர்ந்திருக்கும். தொழிலில் ஒருவன் ஒருமுறை நொடித்தால், பத்தாண்டு கழித்தும் "அந்த நொடிச்சுப் போன கடை" என்றே அவன் கடைக்குப் பெயர் வழங்கும். இளைஞர் பலர் இவ்வூரை விட்டு ஓடுவது வேலைக்காக மட்டுமன்று. தம்மை அறியாத இடத்தில் சிறிது மூச்சு விடுவதற்காகவும் ஆகும். இதனை நாம் உணர்தல் நலம்.

எல்லாவற்றினும் கொடியது ஒன்று உண்டு. வீடு வாடகைக்குக் கேட்டு வருவாரை நாம் முதலில் ஊர் கேட்போம். பிறகு உறவு கேட்போம். பிறகு சுற்றி வளைத்துக் குலம் கேட்போம். அன்பர்களே, இதனை யாம் பிறர் மேல் வைத்துக் கூறவில்லை. சில ஆண்டுகட்கு முன் எம் வீட்டு மாடிப் பகுதி காலியாயிருந்தது. எம்மோடு பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் அதனைக் கேட்டார். நல்லவர், கற்றவர். யாம் அவரிடம், "உங்கள் பூர்வீகம் எந்தப் பக்கம்? அங்கே எந்தத் தெரு?" என்று வினவினோம். அவர் எம்மை ஒருமுறை நோக்கினார். "பார்த்துச் சொல்கிறேன் ஐயா" என்று கூறிச் சென்றார். வேறு இடத்தில் வீடு பார்த்துக்கொண்டார். யாம் மறுத்தோமில்லை, ஆயினும் மறுத்தோம். இன்றும் அவர் நாள்தோறும் காலையில் எமக்கு வணக்கம் கூறுகிறார். அவ்வணக்கம் எமக்குப் பெருஞ்சுமையாயிருக்கின்றது.

நடுத்தர நகர் வாழ்வின் இயல்பு இதில் முழுதும் அடங்கியிருப்பதாக யாம் கருதுகிறோம். சிற்றூரில் அவர் எம் தெருவிற்கு வீடு கேட்டு வந்திருக்கவே மாட்டார். அங்கே வேலி முன்னரே இடப்பட்டிருக்கும். மாநகரில் யாம் அவரை மீண்டும் காணாமலே மறந்திருப்போம். இங்கேயோ, இழைத்த தவறு மறுநாட்காலையில் எதிர்வந்து நிற்கும். ஆதலின் திருந்துதற்கு வாய்ப்பும் இங்கேதான் மிகுதி.

ஊர்ப்பெயரை முன்வைத்தோர்

இவ்வாய்ப்பைப் பயன்படுத்தியோர் வரலாறு நம் ஊருக்கு உண்டு. சுயமரியாதை இயக்கத்தின் பெரும் பேச்சாளராகிய பட்டுக்கோட்டை அழகிரிசாமி (1900-1949) இவ்வூர்ப் பெயரைத் தம் பெயர்முன் தாங்கியவர். 1929-ல் செங்கற்பட்டில் கூடிய அவ்வியக்கத்தின் முதல் மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரின்பின் இடுவதை விடுமாறு தீர்மானித்தது. 1938-ல் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்து சென்ற தமிழர் படையை அழகிரி நடத்தினார். புகைவண்டி நிலையத்துச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கு ஓரிடமும் ஏனையோர்க்கு ஓரிடமுமாய் இருந்த வழக்கம் 1941-ல் ஒழிந்தது. நம் பாட்டன்மார் அவ்விரண்டாம் இடத்தில் உட்கார்ந்து காப்பி அருந்தியவர். அதன் இழிவை உணர்ந்தவர். அதே பாட்டன்மார் தம்மினும் தாழ்ந்தவராகத் தாம் கருதினாரைத் தம் திண்ணையில் ஏற்றினாரா என்பதை அவரவர் வீட்டில் கேட்டுக்கொள்க.

செங்கப்படுத்தான்காடு என்னும் சிற்றூரில் 1930-ல் பிறந்த கலியாணசுந்தரம், உழவர் குடியினர். பட்டுக்கோட்டையார் என்றே தமிழுலகம் அவரை அறிந்தது. இருபத்தொன்பதே ஆண்டு வாழ்ந்து 1959-ல் மறைந்தார். உழைப்பாளியின் மொழியில் திரைப்படத்திற்குப் பாட்டெழுதிய அவர், தாம் பிறந்த சிற்றூரின் பெயரையும் அன்று, பாட்டு விலைபோன சென்னையின் பெயரையும் அன்று, இந்நடுநகரின் பெயரையே தாங்கி நின்றார். அருகிலுள்ள இராசாமடத்தில் 1910-ல் பிறந்த ஆர். வெங்கட்ராமன், 1987 முதல் 1992 வரை இந்தியக் குடியரசுத் தலைவராய் விளங்கினார். ஒருவர் மேடையால், ஒருவர் பாட்டால், ஒருவர் சட்டத்தால் உயர்ந்தனர். மூவர் பிறப்பும் வேறு, கொள்கையும் வேறு. ஆயினும் மூவரும் இப்பக்கத்து மண்ணினர். மூவரும் ஊரைவிட்டுச் சென்றே புகழ்பெற்றனர் என்பதும் உண்மை. போவதைக் குற்றம் என்று யாம் ஒருபோதும் கூறோம்.

புயலும் பிள்ளைகளும்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் பின்னிரவில் கஜா என்னும் புயல் வேதாரணியத்தை ஒட்டிக் கரை கடந்தது. அவ்விரவை நம் பக்கத்தார் மறவார். விடிந்தபோது தென்னந்தோப்புக்கள் நின்ற இடத்தில் அவை கிடந்தன. வைத்து முப்பது ஆண்டு வளர்த்த மரம் ஓரிரவில் வேரோடு சாய்ந்தது. மின்கம்பங்கள் முறிந்து, பல ஊர்களில் நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் இருள் சூழ்ந்தது. நெல் போயின் அடுத்த போகம் உண்டு; தென்னை போயின், மீண்டும் காய்க்க ஐந்தாறு ஆண்டு பொறுக்க வேண்டும். அக்காலத்தில்தான் பிள்ளையின் படிப்பும் பெண்ணின் திருமணமும் நிற்கும்.

அந்நாட்களில் யாம் இரண்டு காட்சிகளைக் கண்டோம். சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வாழும் நம் பிள்ளைகள் பணம் அனுப்பினர். சிலர் வண்டிகளில் அரிசியும் மெழுகுவத்தியும் ஏற்றிக்கொண்டு தாமே வந்தனர். அது ஒன்று. ஊரில் இருந்தவர்கள் மரம் அறுத்துப் பாதை திறந்து, ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துத் தெருத்தெருவாய் நீர் ஏற்றினர். அது மற்றொன்று. பணம் வெளியூரிலிருந்து வரலாம்; எந்த வீட்டில் மூதாட்டி தனியே இருக்கிறாள் என்னும் அறிவு வெளியூரிலிருந்து வாராது. அவ்வறிவு ஊரில் இருப்பார்பால் மட்டுமே உண்டு. அன்று நீர் கொடுத்தவர் எவரும் எந்தத் தெரு என்று வினவவில்லை என்பதையும் இங்கே குறிக்கின்றோம். புயல் ஓய்ந்து மின்விளக்கு எரிந்தபின் நாம் மீண்டும் வினவத் தொடங்கிவிட்டோம்.

செய்யத்தக்கது

ஆகவே, சங்கத்தின்முன் உள்ள கேள்விக்கு எம் கருத்தைப் பணிவுடன் கூறுகின்றோம்.

சென்னையில் விடுதி வேண்டா என்பது எம் கருத்தன்று. எம் மகளே இவ்வாண்டு சென்னையில் கல்லூரியிற் சேர்ந்துள்ளாள். அவளை வண்டியேற்றிவிட்டு நிலையத்தில் நின்றபோது எம் கண் கலங்கிற்று. தடுக்கும் எண்ணம் எழவில்லை. மாநகர் செல்வார்க்கு உதவி செய்ய வேறு வழிகள் உள. உறுப்பினர் திங்கள்தோறும் சிறு தொகை இட்டாலும் கல்வி நிதி ஒன்று வளரும். தம்பிடி சேர்த்து இருப்புப்பாதை இட்ட ஜில்லா இது என்பதை மறவற்க.

மனையை மட்டும் விற்றல் ஆகாது. பேராவூரணிப் பக்கத்திலிருந்தும் கடற்கரை ஊர்களிலிருந்தும் பெண்பிள்ளைகள் நாள்தோறும் இரண்டு பேருந்து மாறி இந்நகர்ப் பள்ளிகட்கு வருகின்றனர். மாலையில் கடைசிப் பேருந்துக்கு அஞ்சித் தனிவகுப்பை விட்டு ஓடுகின்றனர். சிலர் அதனாலேயே பத்தாம் வகுப்போடு நின்றுவிடுவதை யாம் ஆசிரியராயிருந்து கண்டு வருகின்றோம். அவர்கட்கு இவ்வூரில் ஒரு விடுதியும், அதனோடு ஒரு படிப்பகமும் அம்மனையில் எழல் வேண்டும்.

இன்னும் ஒன்று. அவ்விடுதியின் சேர்க்கைத் தாளில் குலம் என்னும் கட்டம் இருத்தல் ஆகாது. "சங்கத்தின் பொருளைப் பிறர்க்குக் கொடுப்பதா?" என்று அன்பர் சிலர் முனியலாம். சத்திரம் வைத்த மன்னர் அவ்வாறு கேட்கவில்லை. அதனால்தான் இரண்டு நூற்றாண்டு கழிந்தும் அவர் பெயர் இவ்வழியில் நிற்கிறது. நம் குலத்துப் பிள்ளைகளும் அங்கே இருப்பர்; பிற குலத்துப் பிள்ளைகளும் இருப்பர்; ஒரே பந்தியில் உண்பர்; ஒரே விளக்கில் படிப்பர். அவர்கள் வளர்ந்து வீடு வாடகைக்கு விடும் காலத்தில், யாம் கேட்ட கேள்வியை அவர்கள் கேளாதிருப்பர். சங்கம் நம் குலத்திற்குச் செய்யும் தொண்டுகளில் இதனின் மிக்கது வேறொன்று இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

"இந்த ஊரில் என்ன இருக்கிறது?" என்று வினவிய அன்பருக்கு அன்று கூறாத விடையை இன்று கூறுகின்றோம். இங்கே தம்பிடியால் வந்த வண்டி இருக்கிறது. மடைவாயிலில் காத்திருந்து பெற்ற நீர் இருக்கிறது. சாய்ந்த தென்னையின் இடத்தில் நட்ட கன்று இருக்கிறது. நாள்தோறும் எதிர்வந்து நம் தவற்றை நினைவூட்டும் முகங்கள் இருக்கின்றன. இவற்றை விற்றுச் சென்னையில் வாங்க இயலாது.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை முடிவு செய்வதாகத் தலைவர் அறிவித்துள்ளார். அன்பர்கள் தவறாது வருக. தாய்மார்களும் வருக, பெண்பிள்ளைகளின் விடுதி பற்றிய ஆராய்ச்சியில் அவர்கள் குரலே முதற்குரலாய் இருத்தல் முறை. எம்மோடு பணியாற்றும் அவ்வாசிரியரிடம் யாம் இன்னும் பேசவில்லை. இவ்விதழ் அச்சாகி வருமுன் பேசிவிடுவோம் என உறுதி கொண்டுள்ளோம்.

நலம் பெருகுக.